தாத்தா கம்ப்யூட்டருக்குப் புது வேட்டி!

அக்டோபர் மாதம் எங்கள் ஊருக்கு அவ்வளவு ராசியில்லை.

1799 அக்டோபர் 16-ம் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. பிற்காலத்தில், கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனே இங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தார். அதற்கப்புறம் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய சமாசாரம் எதுவும் நடக்கவில்லை. காற்றாடிகள் வந்தன. நாலுவழிச் சாலை வந்தது. அவ்வளவுதான்.

கட்டபொம்மனுக்கு 226 வருஷம் கழித்து, அதே அக்டோபரில், ரெண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு நாள் குறித்தார்கள். இந்தத் தடவை தீர்ப்பு சொன்னது கும்பினி அல்ல, கம்பெனி. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று திரையில் ஒரு நீலப் பலகை வந்து நின்றது.

"மாறிக்கிடுவோம், அதுக்கென்ன?" என்று நானும் பட்டனை அமுக்கினேன்.

'உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை' என்று பதில் வந்தது.

எங்கள் கம்ப்யூட்டரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் பிறந்தது. கோவில்பட்டியில் பாகம் பாகமாக வாங்கி மாட்டிய அசெம்பிள்டு பெட்டி. இன்டெல் கோர் ஐ3, நாலாவது தலைமுறை. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வரும்போது விண்டோஸ் 7. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள் அல்லவா, அப்போது பத்துக்கு மாறினோம். சும்மா கிடைத்தால் விடுவோமா?

காலையில் பவர் பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டி, காபி குடித்து, பேப்பரில் ரெண்டு பக்கம் படித்து முடிக்கும்போதுதான் 'வெல்கம்' என்று சொல்லும். யாரை வரவேற்கிறது என்று அதற்கே மறந்திருக்கும்.

பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நாலாவது ஜெனரேஷன். பதினொண்ணு ஏறாது."

"ஏறவே ஏறாதா?"

"குறுக்கு வழியில ஏத்தலாம். நாளைக்கு அப்டேட் நின்னுபோச்சுன்னு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது. பேசாம புதுசு எடுத்திருங்க. இதுக்கு எக்சேஞ்சுல எண்ணூறு ரூவா போட்டுக்கிடுதேன்."

"எண்ணூறா?"

"அதுவும் கேபினெட்டு இரும்புன்னுதான்!"

நேர்மையான மனிதர். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "அந்தக் காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கினாலாவது பிள்ளைங்க திங்கும்" என்றாள். அத்தோடு எக்சேஞ்ச் யோசனை முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை. பதினோரு வருஷம் உழைத்த பெட்டி. இன்னும் எரிகிறது, ஓடுகிறது. அதில் உண்மையிலேயே கிழடானது எது?

காவல்காரர் வேலையை விட்டார்

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். 'ஆதரவு முடிந்தது' என்றால் அக்டோபர் 15-ம் தேதி காலையில் கம்ப்யூட்டர் வாயைப் பிளந்துவிடும் என்று அர்த்தமில்லை. வழக்கம்போல ஓடும். பின்னே என்னதான் நிற்கிறது?

தெருக் காவல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து, "சார், கொல்லைக் கதவுல தாழ்ப்பாள் ஆடுது" என்று சொல்லி, அவரே ஆணி அடித்துவிட்டும் போவார். மாதாமாதம் வந்த செக்யூரிட்டி அப்டேட் அந்த ஆணிதான். காவல்காரர் வேலையை விட்ட பிறகும் வீடு அப்படியே நிற்கும். ஆனால் தாழ்ப்பாள் ஆடுவது இனிமேல் திருடனுக்கு மட்டும்தான் தெரியும்!

சும்மா பூச்சாண்டி காட்டவில்லை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்று ஒரு பேர்வழி கிளம்பி, சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே ஆணி அடித்திருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். நிலைமை எவ்வளவு மோசமாகப் போனது என்றால், 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக்கூட அவசரமாக ஒரு அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, "இன்டர்நெட்டே கிடையாது, பாட்டு மட்டும்தான் கேட்பேன்" என்பவர் பழைய விண்டோஸிலேயே சௌகரியமாக இருக்கலாம். பாங்க் கணக்கு, ஆபீஸ் மெயில், பிள்ளைகளின் படிப்பு என்று இன்டர்நெட்டில் புழங்குகிறவர் அப்படி இருக்க முடியாது. நாங்கள் ரெண்டாவது கட்சி.

ஆயிரம் மடங்கு பசி

சரி, பதினொன்று ஏன் எங்கள் பெட்டியை வேண்டாம் என்கிறது? இரண்டு காரணம்.

ஒன்று, டி.பி.எம். 2.0 என்கிற சமாசாரம். மதர்போர்டிலோ பிராசசருக்குள்ளேயோ இருக்கும் குட்டி லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரகசியச் சாவிகளை டிஸ்க்கில் போட்டு வைக்காமல் இதற்குள் வைத்துப் பூட்டுவார்கள். இரண்டு, பிராசசரின் வயது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை, அதாவது 2017-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிக்க ஜோசியர் வேண்டாம். ஐ3 - 4130 என்று போட்டிருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் 4. நாலாவது தலைமுறை. ஐ5 - 8250 என்றால் எட்டு. ஐ5 - 10210 என்றால் பத்து. எட்டும் அதற்கு மேலும் பாஸ். மற்றதெல்லாம் வெளியே பெஞ்சு.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்கிறது மைக்ரோசாஃப்ட். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இன்னொரு கதையும் உண்டு. பசிக் கதை.

1995-ல் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சம் வேண்டியது 4 எம்.பி. ராம். அதைப் பதின்மூன்று ஃபிளாப்பிகளில்கூட விற்றார்கள். ஒவ்வொன்றாகச் சொருகி எடுக்க வேண்டும். பதினொன்றாவது ஃபிளாப்பியில் 'படிக்க முடியவில்லை' என்று வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் இன்றும் ஆபீஸ்களில் இருக்கிறார்கள், ரிட்டயர்மென்டுக்குப் பக்கத்தில். 2001-ல் எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. 2009-ல் விண்டோஸ் 7-க்கு 1 ஜி.பி. 2021-ல் விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. அதாவது இருபத்தாறு வருஷத்தில் சுமார் ஆயிரம் மடங்கு! அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கான அளவு. வசதியாக ஓட 8 ஜி.பி.யாவது வேண்டும்.

பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய நிக்லவுஸ் விர்த் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அந்த 1995-லேயே இதைச் சொல்லிவிட்டார். இயந்திரங்கள் வேகமாவதைவிட மென்பொருள்கள் மந்தமாவது சீக்கிரமாக நடக்கிறது என்பது அவர் புலம்பல். சம்பளம் ஏறுகிறதைவிடச் செலவு ஏறுகிற மாதிரி. நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்காக எல்லாமே வெட்டிச் செலவு என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் 95-க்குத் தமிழ் தெரியாது. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் தமிழ் உள்ளேயே வந்தது, 'லதா' என்ற எழுத்துருவோடு. அதற்கு முன்னால் தமிழில் டைப் அடித்தவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அதுவும் எப்படி? மயிரிழையில்!

வைரஸ் இல்லை, தாத்தா!

நெல்லையில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "புதுசெல்லாம் வாங்க வேண்டாம் மாமா. நான் சரி பண்ணித் தாரேன்" என்று சட்டைக் கையை மடித்தான். இந்த வயசில் எல்லோருக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் போதும், உலகத்தையே கழற்றிவிடுவார்கள்.

"போட்டோ, வீடியோ, ஒங்க ஆபீஸ் ஃபைலு எல்லாம் காப்பி எடுத்துட்டேன் மாமா. ஃபார்மட் அடிச்சிரவா?"

"டி டிரைவ் பாத்தியா?"

"பாத்தேன். அதுல ஒரு ஃபோல்டர் பூராம் குப்பை. என் லேப்டாப்புல தொறந்து பாத்தா அங்கங்க இங்கிலீஷ் எழுத்து, கமா, செமிகோலன்... ஒண்ணும் புரியல. வைரஸ்னு நெனைக்கேன். அதையும் சேத்து அழிச்சிருதேன்."

"ஃபோல்டர் பேரு என்ன?"

"மழைன்னு இங்கிலீஷ்ல இருக்கு."

அடுக்களையிலிருந்து அம்மா வந்துவிட்டாள். "ஏலே, கைய எடு! அது ஒங்க தாத்தா எழுதின மழைக் கணக்குல்லா!"

எங்கள் அப்பா தமிழ் வாத்தியார். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. 2001-ல் நெல்லையில் ஒரு டைப்பிங் சென்டரை மூடியபோது, விண்டோஸ் 98 போட்ட பழைய கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கி வந்தார். அன்று முதல் 2018 வரை, எந்தத் தேதியில் எத்தனை உழவு மழை பெய்தது, ஊரணி எதுவரை நிரம்பியது, உளுந்து எப்போது விதைத்தது, பருத்தி என்ன விலைக்குப் போனது என்று ஒற்றை விரலால் அடித்து வைத்தார். 2019-ல் அவர் போய்விட்டார். அந்த ஃபைல்கள் மட்டும் ஃபிளாப்பியிலிருந்து சி.டி.க்கு, சி.டி.யிலிருந்து பென் டிரைவுக்கு, அங்கிருந்து இந்தப் பெட்டிக்கு என்று வாடகை வீடு மாறுகிற மாதிரி மாறிக்கொண்டே வந்தன.

பையன் மேல் தப்பில்லை. அவன் பார்த்தது நிஜமாகவே குப்பை மாதிரித்தான் இருந்தது. காரணம் இதுதான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஆங்கில 'ஏ'க்கு 65 என்று ஒரு எண். பழைய தமிழ் ஃபான்ட் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துக்கான எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்துவிட்டார்கள். நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் போல. ஃபான்ட் இருக்கும்வரை ராஜா. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்து, உள்ளே இருக்கும் ஆசாமி கமாவும் செமிகோலனுமாக வந்து நிற்பார்!

இதில் இன்னொரு கூத்து. ஆளாளுக்கு ஒரு வேஷ முறை. பாமினி ஒரு மாதிரி, வானவில் ஒரு மாதிரி. ஒரு ஆபீஸில் அடித்த கடிதத்தை இன்னொரு ஆபீஸில் திறந்தால் சீன மொழி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 என்ற விசைப்பலகை அதில் பிறந்ததுதான். கடைசியில் ஜெயித்தது யூனிகோட். அதில் தமிழ் எழுத்துக்கே சொந்த எண். 'அ'வுக்கு 2949. உலகத்தில் எந்த மூலையில் திறந்தாலும் 'அ' 'அ'தான். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று செல்போனில் நீங்கள் அனுப்பும் 'சாப்டாச்சா?' வரைக்கும் அந்தப் புண்ணியம்தான்.

ஆனால் அப்பாவின் மழை பழைய வேஷத்தில் அல்லவா இருக்கிறது? ஃபார்மட் அடித்திருந்தால் ஃபைலும் போயிருக்கும், அதைப் படிக்க உதவும் ஃபான்ட்டும் போயிருக்கும். பதினெட்டு வருஷ மழையும் ஒரே சொடுக்கில் வறண்டிருக்கும்.

நல்லவேளை, பெட்டி இன்னும் உயிரோடு இருந்தது. முதல் காரியமாக விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த தமிழ் ஃபான்ட்கள் அத்தனையையும் காப்பி எடுத்தோம். பிறகு, பழைய ஃபான்ட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஃபைலாகக் கொடுத்தோம். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி சில உண்டு. ஒரு நிமிஷத்தில் ஒரு வருஷத்து மழை மாறி வந்தது.

நூற்றுக்கு நூறு சரியாக வராது. பழைய முறையில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', அப்புறம் கால் என்று மூன்று துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போட்டிருப்பார்கள். யூனிகோடில் 'க' முன்னால், ஒகரக் குறி பின்னால். மாறும்போது சில இடத்தில் கொம்பு முட்டிக்கொண்டு நிற்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அது 'பொய்'யிடா, 'பெய்' இல்ல" என்று திருத்தினாள். 2016-ம் வருஷத்துப் பக்கம் அது. ஐப்பசி மழை பொய், கார்த்திகையும் பொய், விதைத்த கூலி நட்டம் என்று அப்பா எழுதியிருந்தார். 'பெய்' என்று விட்டிருந்தால் சரித்திரமே மாறியிருக்கும்!

ஆகவே புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடும் முன்னால் நகல் எடுங்கள். மூன்று நகல். ஒன்று வீட்டில் பென் டிரைவில், ஒன்று வேறொரு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலோ இன்டர்நெட்டிலோ. எங்கள் கரிசல் காட்டில் விதைக் கம்பை ஒரே குலுக்கையில் போட்டு வைக்க மாட்டார்கள். எலி ஒரு குலுக்கைக்குத்தான் வரும் என்று யார் எழுதிக் கொடுத்தது? காப்பி எடுத்ததும் அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை.

ஆபரேஷன்

அடுத்து பெட்டியைத் திறந்தோம். உள்ளே ரெண்டு கைப்பிடி கரிசல் மண். ஃபேன் சுற்றவே இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. பிரஷ் வைத்துத் தட்டியதிலேயே பாதிச் சூடு குறைந்தது.

பெட்டி மந்தமானதற்கு நான் பிராசசரைத் திட்டிக்கொண்டிருந்தேன். "பிராசசர் நல்லாத்தான் இருக்கு மாமா. ஹார்ட் டிஸ்க்குதான் கெழவன்" என்றான் மருமகன். ஹார்ட் டிஸ்க் என்பது கிராமஃபோன் மாதிரி. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு, அதன் மேல் அலைகிற கை. வெவ்வேறு இடத்தில் இருக்கும் தகவலைத் தேடி எடுப்பதென்றால் செகண்டுக்குச் சுமார் நூறு தடவைதான் அந்தக் கையால் ஓட முடியும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் சிப். ஆயிரக்கணக்கான தடவை எடுக்கும். பழைய பெட்டிக்கு ஒரே ஒரு மருந்துதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, கடையில் கழற்றி வைத்திருந்த 4 ஜி.பி. ராம் ஒன்று. எங்களுக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. ராம் விலை தங்கம் மாதிரி ஏறி இறங்கும்; விசாரித்து வாங்குங்கள். கூடவே மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியையும் மாற்றினோம். அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாங்க் வெப்சைட் திறக்காது. இந்தச் சின்ன பேட்டரிக்காகக் கம்ப்யூட்டரையே மாற்றிய புண்ணியவான்கள் உண்டு!

இன்னொன்று. புது சிஸ்டம் ஏறும்போது நடுவில் கரண்ட் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க, உள்ளே கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் தத்துவ அனுபவம் கயத்தாறுக்காரர்களுக்குப் பழக்கம். உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் பெட்டிக்கு எந்த வழி?

1. முதலில் மைக்ரோசாஃப்ட்டின் இலவச 'பி.சி. ஹெல்த் செக்'கை ஓட்டிப் பாருங்கள். 2018-க்குப் பிறகு வாங்கிய பெட்டி என்றால் தகுதி இருக்கவே வாய்ப்பு அதிகம். 'டி.பி.எம். இல்லை' என்று வந்தாலும் பதற வேண்டாம். பல பெட்டிகளில் அது பயாஸில் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பிவிட்டால் பதினொன்று இலவசமாக ஏறிவிடும்.

2. தகுதி இல்லையா? வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் நீட்டிப்பு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை பேக்கப் செய்தால் காசில்லாமலே பெறலாம் என்றார்கள். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு வருஷம், தீர்வு அல்ல.

3. குறுக்கு வழியில் பதினொன்றை ஏற்றுவது. முடியும். ஆனால் தகுதியில்லாத பெட்டிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் தர மாட்டோம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஆபீஸ் வேலை செய்யும் பெட்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். அதேபோல 'க்ராக்' போட்ட விண்டோஸும் வேண்டாம். திருடனுக்குப் பயந்து கதவு வாங்கப் போய், திருடனிடமே சாவியையும் வாங்கிய கதையாகிவிடும்.

4. லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. இலவசம். லினக்ஸ் மின்ட் போன்றவை 4 ஜி.பி. ராமிலேயே சுகமாக ஓடும். அப்டேட் தடையில்லாமல் வரும். பார்ப்பதற்கும் விண்டோஸ் சாயல்.

5. புதுசு வாங்குவது. டாலியில் கணக்கு எழுதுகிறவர், விண்டோஸில் மட்டும் ஓடும் ஆபீஸ் மென்பொருள் வைத்திருப்பவர் இவர்களுக்கு இதுவே நல்லது. பழையதை லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் நாலாவது வழி. பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, டிஸ்க்கில் கை வைக்காமல் முதலில் ஓட்டிப் பார்த்தோம். லினக்ஸில் இந்த வசதி உண்டு. பெண் பார்த்துவிட்டுப் பிறகு நிச்சயம் செய்கிற மாதிரி. பிரவுசர், சினிமா, பிரிண்டர், தமிழ் டைப்பிங் எல்லாம் சரி. என் பழைய ஸ்கேனர் மட்டும் முரண்டு பிடித்தது. பையனின் ஒரு கேம் ஓடவில்லை. அதற்கு என் மனைவி ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது பட்டனை அமுக்கினால் அரை நிமிஷத்தில் தயார். குளித்துவிட்டு வர நேரமில்லை!

லினக்ஸ் நமக்கு ஒன்றும் புதுசு இல்லை, தெரியுமா? சென்னை சி-டாக்கில் உருவான 'பாஸ்' லினக்ஸ் 2007-லேயே வந்துவிட்டது. 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு சேர்த்து அதையும் போட்டுக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் செய்த முதல் வேலை அதை அழித்ததுதான். 'இது என்னமோ பாஸாம்ல, யாருக்கு பாஸு?' என்று. அந்த லேப்டாப்புகளில் எத்தனையோ இன்று பரண் மேல் பழைய சூட்கேஸுக்குள் கிடக்கின்றன. பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, வீங்கியிருந்தால் கழற்றி மாற்றிவிட்டு, ஒரு எஸ்.எஸ்.டி.யும் லேசான லினக்ஸும் போட்டுப் பாருங்கள். டைப்பிங் பழக, பாடம் படிக்க, புரோகிராம் கற்றுக்கொள்ள அது போதும்.

காற்றாடிப் பாடம்

கயத்தாறில் நின்று சுற்றிலும் பார்த்தால் காற்றாடிக் காடு. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இங்கே இருக்கிறது. அந்தக் காலத்துக் குட்டிக் காற்றாடிகளுக்கும் வயசாகிவிட்டது. அவற்றை என்ன செய்வது என்று தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதில் மூன்று வழி. பழையதை எடுத்துவிட்டுப் பெரிசு வைப்பது. பாகங்களை மாற்றிச் செப்பனிடுவது. இருப்பதன் ஆயுளை நீட்டிப்பது. எது என்பதை முதலில் பரிசோதித்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். 'தேதி முடிஞ்சிருச்சி, தூக்கிப் போடு' என்று யாரும் சொல்லவில்லை.

கோடிக்கணக்கில் விலையுள்ள காற்றாடிக்கு இந்த விசாரணை உண்டு. முப்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டருக்கு வேண்டாமா? விண்டோஸ் 10 முடிவதால் உலகத்தில் 24 கோடிக் கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. 2022-ல் மட்டும் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்குதான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. மீதியில் ஈயமும் பாதரசமும் எங்கே போகின்றன? யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றுக்கு.

ஆகவே ஒரு கம்ப்யூட்டரைக் கிழடு என்று தள்ளும் முன்னால் கேளுங்கள்: எது கிழடு? டிஸ்க்கா, தூசியா, பேட்டரியா, அல்லது எங்கோ யாரோ காலண்டரில் போட்ட வட்டமா? நிஜமாகவே உயிர் போய்விட்டால், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் டி டிரைவை ஒரு தடவை திறந்து பாருங்கள். வைரஸ் என்று நினைப்பது தாத்தாவாகவும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்த அன்று ராத்திரி மழைக் கணக்கைத் திறந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேஷம் இல்லாத சுத்தமான தமிழில் 2001, 2002 என்று வரிசையாக வந்தது. 2018-ல் நின்றது.

"அதுக்கப்புறம் மழையே பெய்யலையாடா?" என்றாள் அம்மா.

சுருக்கென்றது. 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டமே தண்ணீரில் மிதந்ததே! காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே! கணக்கில் அது இல்லை.

கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தேன். "சொல்லும்மா, நம்ம ஊரணி எதுவரைக்கும் வந்துச்சு?"

அம்மா சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தேன்.